பூட்டு இல்லாத எலி சொன்ன புத்திமதி!

"ராத்திரி ரெண்டே ரெண்டு இட்லிதான் சாப்பிட்டார். காலையில வெறும் வயித்துல டெஸ்ட் எடுத்தா சுகர் 160-ங்கறாங்க. சாப்பிடாம எங்கேருந்து வந்துச்சு இவ்வளவு சர்க்கரை?"

"ரத்தத்துல இன்சுலின் நிறையவே இருக்குன்னு ரிப்போர்ட்ல போட்டிருக்கு. அப்புறம் எப்படிங்க சர்க்கரை நோய் வரும்?"

"நாள் பூரா லைன்ல நின்னுக்கிட்டேதான் வேலை பார்க்குறேன். இதுக்கு மேல வாக்கிங் வேற போகணுமாக்கும்?"

சர்க்கரை நோய் காலடி எடுத்து வைத்த எந்த வீட்டிலும் இந்த மூன்று கேள்விகளும் எழும். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் இன்னும் கொஞ்சம் பலமாகவே எழும். மாறி மாறி வரும் ஷிப்ட், கம்பெனி பஸ்ஸில் தூக்கம், நேரங்கெட்ட நேரத்தில் சாப்பாடு... இதுதானே அங்கே பலருடைய வாழ்க்கை! இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் தொழிற்சாலையிலிருந்து முதல் சான்ட்ரோ கார்கள் வெளிவந்தது 1998-ல். அந்தக் காலத்தில் இந்த வட்டாரத்துக்கு வேலை தேடி வந்த இருபது வயது இளைஞர்கள் இப்போது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டார்கள். சர்க்கரை எட்டிப் பார்க்கிற வயசு!

அதே 1998-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வேறொரு 'மாடல்' வெளிவந்தது. அது கார் அல்ல, ஒரு சுண்டெலி! ஜீனில் ஒரு சின்ன வெட்டு வெட்டி உருவாக்கப்பட்ட அந்தச் சுண்டெலியும் அதன் சொந்தக்காரர்களும்தான் மேலே சொன்ன மூன்று கேள்விகளுக்கும் தெளிவாகப் பதில் சொன்னவர்கள். என்ன சொன்னார்கள் என்று பார்ப்போமா?

சாவி இருக்கு... பூட்டு?

கணையத்தில் சுரக்கும் ஹார்மோன் இன்சுலின் என்பது எல்லோருக்கும் தெரியும். சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை உடம்பின் செல்களுக்குள் அனுப்புவது அதன் வேலை. ஆனால் இன்சுலின் செல்லுக்குள் தானே நுழைந்து இதைச் செய்வதில்லை. செல்லின் மேல்தோலில் அதற்கென்றே ஒரு புரதம் காத்திருக்கிறது. அதற்குப் பெயர் 'ரிசப்டர்'. தமிழில் ஏற்பி என்கிறார்கள்.

இன்சுலினைச் சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிசப்டர்தான் பூட்டு. சாவி பூட்டில் பொருந்தித் திரும்பியதும் செல்லுக்குள்ளே வரிசையாகச் சேதி போகும். உடனே 'குளூட்-4' என்ற கதவுகள் செல்லின் ஓரத்துக்கு வந்து நிற்கும். அவற்றின் வழியாகச் சர்க்கரை உள்ளே போகும்.

டைப்-2 என்கிற, பெரியவர்களுக்குப் பரவலாக வரும் சர்க்கரை நோயில் ஆரம்பத்தில் சாவிக்குப் பஞ்சமே இருக்காது. பூட்டுக்குப் பின்னால் உள்ள இணைப்புகள் மந்தமாகிவிடும். சாவியைத் திருப்பினாலும் கதவு சட்டென்று திறக்காது. கணையம் என்ன செய்யும்? 'ஒரு சாவி போதலையா? இந்தா பத்து சாவி!' என்று இன்னும் அதிகமாகச் சுரக்கும். அதனால்தான் ரிப்போர்ட்டில் இன்சுலினும் அதிகம், சர்க்கரையும் அதிகம். இதைத்தான் டாக்டர்கள் 'இன்சுலின் ரெசிஸ்டன்ஸ்' என்கிறார்கள். வருஷக்கணக்கில் இப்படியே ஓவர்டைம் பார்த்துப் பார்த்து கடைசியில் கணையமும் களைத்துப்போகும்.

ஆக, இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் விஞ்ஞானிகளுக்கு வேறொரு சந்தேகம் இருந்தது. இன்சுலினின் பூட்டு தசையில் இருக்கிறது, கல்லீரலில் இருக்கிறது, கொழுப்பில் இருக்கிறது, மூளையில்கூட இருக்கிறது. இதில் எந்த இடத்துப் பூட்டு கெட்டால் சர்க்கரை நோய் வரும்?

ஒரு பார்ட்டைக் கழற்றிப் பார்!

கார் மெக்கானிக்கைக் கேளுங்கள். ஒரு பார்ட் என்ன வேலை செய்கிறது என்று தெரிய வேண்டுமானால் அதைக் கழற்றிவிட்டு வண்டியை ஓட்டிப் பார்த்தால் போதும் என்பார். ஆனால் மனிதர்களிடம் அப்படி ஒரு பார்ட்டைக் கழற்ற முடியுமா? முடியாது. அதற்குத்தான் சுண்டெலி. அதன் ஜீன்களில் பெரும்பாலானவற்றுக்கு நம்மிடம் இணையான ஜீன் உண்டு. மூன்றே வாரத்தில் குட்டி போடும். இரண்டு மாதத்தில் அந்தக் குட்டியும் வளர்ந்துவிடும்.

எலியின் ஒரு குறிப்பிட்ட ஜீனை மட்டும் செயலிழக்கச் செய்யும் வித்தை 1980-களின் இறுதியில் கைகூடியது. இதற்காக மரியோ கபெக்கி, மார்ட்டின் எவன்ஸ், ஆலிவர் ஸ்மித்தீஸ் ஆகிய மூவருக்கும 2007-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஹார்மோன் ஆராய்ச்சிக்காரர்களுக்கு இது புதையல் மாதிரி. 1993-ல் ஈஸ்ட்ரோஜன் ரிசப்டர் இல்லாத எலியை உருவாக்கினார்கள். அது பிழைக்கவே பிழைக்காது என்று பலர் நினைத்திருக்க, எலி உயிரோடு வளர்ந்தது. ஆனால் பெண் எலிகளுக்குக் குட்டி பிறக்கவில்லை. ஒரு ஹார்மோனின் உண்மையான வேலை என்ன என்பதை இப்படிக் கண்ணெதிரே பார்க்க முடிந்தது.

அடுத்தது இன்சுலினின் முறை. 1996-ல் உடம்பு முழுவதிலும் இன்சுலின் ரிசப்டர் இல்லாத எலிகள் உருவாக்கப்பட்டன. பாவம், அந்தக் குட்டிகள் பிறக்கும்போது ஏறக்குறைய சாதாரணமாகத்தான் இருந்தன. பால் குடிக்க ஆரம்பித்ததும் ரத்தத்தில் சர்க்கரை எகிறியது. சில நாட்களுக்குள் செத்துப்போயின. இன்சுலின் பூட்டு உயிருக்கே அவசியம் என்பது புரிந்தது. ஆனால் எந்த உறுப்பில் என்ன வேலை என்ற கேள்வி அப்படியே நின்றது. வண்டியில் எல்லா பார்ட்டையும் ஒரே நேரத்தில் கழற்றினால் என்ன தெரியும்?

கத்தரிக்கோல் வித்தை

இங்கேதான் பாஸ்டனில் உள்ள ஜாஸ்லின் சர்க்கரை நோய் மையத்தின் ரொனால்ட் கான் குழுவினர் ஒரு தந்திரம் செய்தார்கள். ஒரு எலியின் இன்சுலின் ரிசப்டர் ஜீனில் ஒரு துண்டுக்கு இரண்டு பக்கமும் 'இங்கே வெட்டவும்' என்று அடையாளம் வைத்தார்கள். அடையாளம் மட்டும்தான், ஜீன் வழக்கம்போல வேலை செய்யும். இன்னொரு எலிக்கு, அந்த அடையாளத்தைப் பார்த்து வெட்டும் கத்தரிக்கோல் ஒன்றைக் கொடுத்தார்கள். 'கிரீ' என்ற என்சைம் அது. பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸிடமிருந்து கடன் வாங்கியது. அந்தக் கத்தரி தசையில் மட்டுமே உற்பத்தியாகும்படி அமைத்தார்கள். இரண்டு வகை எலிகளையும் இணை சேர்த்தார்கள்.

பிறந்த குட்டிகளில் சிலவற்றுக்கு அடையாளமும் வந்தது, கத்தரியும் வந்தது. விளைவு? தசையில் மட்டும் பூட்டு போச்சு. மற்ற எல்லா உறுப்பிலும் பூட்டு பத்திரம்! (பூட்டைக் கழற்றினால் கதவு திறந்து கிடக்கும் என்று நினைக்க வேண்டாம். சாவி போட இடமே இல்லாமல் கதவு மூடியே கிடக்கும்!)

இதுதான் 1998-ல் வெளிவந்த எலி.

எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது வேறு

இன்சுலின் அனுப்பும் சர்க்கரையில் பெரும்பங்கு தசைக்குத்தான் போகிறது. அதனால் தசையில் பூட்டு இல்லாத எலிக்குக் கட்டாயம் சர்க்கரை நோய் வரும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். வரவில்லை! ரத்த சர்க்கரை சரியாகவே இருந்தது. ஆனால் உடம்பில் கொழுப்பு கூடியது. ரத்தத்தில் டிரைகிளிசரைடும் ஏறியது. தசை 'வேண்டாம்' என்று திருப்பி அனுப்பிய சர்க்கரையைக் கொழுப்புத் திசு வாங்கி வைத்துக்கொண்டது என்று பின்னர் தெரிந்தது.

'சுகர் நார்மல்தான், ஆனா டிரைகிளிசரைடு அதிகம், தொப்பையும் போட்டிருக்கு' என்று வரும் ரிப்போர்ட்டை நாம் எவ்வளவு அலட்சியமாக மடித்து வைக்கிறோம்! சர்க்கரை நார்மல் என்பதாலேயே உள்ளே எல்லாம் நார்மல் என்று அர்த்தம் இல்லை என்பதை அந்த எலி காட்டிவிட்டது.

ராத்திரியில் சர்க்கரை காய்ச்சும் கல்லீரல்

2000-ல் அதே குழு கல்லீரலில் மட்டும் பூட்டைக் கழற்றியது. இந்த முறை எலிக்குப் பெரிய சிக்கல். சாப்பிட்ட சர்க்கரையைச் சமாளிக்க முடியவில்லை. இன்சுலின் பல மடங்கு ஏறியும் பலன் இல்லை. காரணம் என்ன?

நாம் தூங்கும்போதும் மூளைக்குச் சர்க்கரை வேண்டுமே? அதைக் கல்லீரல் தயாரித்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். 'போதும், நிறுத்து' என்று சொல்வது இன்சுலின். பூட்டு இல்லாத கல்லீரலுக்கு அந்த உத்தரவு காதில் விழவே இல்லை. சர்க்கரைத் தயாரிப்பு நிற்கவும் இல்லை.

முதல் கேள்விக்கு இதோ பதில். இரண்டு இட்லி சாப்பிட்டுப் படுத்தவரின் காலைச் சர்க்கரை அந்த இட்லியிலிருந்து மட்டும் வந்ததல்ல. இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்காத கல்லீரல் ராத்திரி முழுக்கத் தயாரித்து ஊற்றியது! 'நைட்டு ஒளிஞ்சு ஏதாவது தின்னீங்களா?' என்று வீட்டுக்காரரைச் சந்தேகப்பட வேண்டாம். சாப்பாட்டைக் குறைத்தும் காலைச் சர்க்கரை குறையவில்லையே என்று நோயாளியும் மனம் நொந்துபோக வேண்டாம். டாக்டர் முதலில் எழுதித்தரும் மெட்ஃபார்மின் மாத்திரையின் முக்கிய வேலையே கல்லீரலின் இந்த அதிகப்படித் தயாரிப்பைக் குறைப்பதுதான். அதை இஷ்டத்துக்கு விட்டுவிட்டால் காலைச் சர்க்கரை மறுபடி ஏறுவதில் ஆச்சரியம் இல்லை.

இடையில் 1999-ல் இன்னொரு அதிசயம். இந்தியாவில் மருத்துவம் படித்துவிட்டு ஜாஸ்லின் மையத்தில் சேர்ந்த ரோஹித் குல்கர்னியும் சக விஞ்ஞானிகளும், இன்சுலினைச் சுரக்கும் கணைய செல்களிலேயே பூட்டைக் கழற்றிப் பார்த்தார்கள். சாவி செய்கிறவன் வீட்டில் பூட்டு எதற்கு என்று தோன்றும். ஆனால் அந்த எலிகளின் கணையம், சர்க்கரை ஏறியதும் சட்டென்று இன்சுலின் சுரக்கும் திறனை இழந்தது. டைப்-2 நோயாளிகளிடம் காணும் அதே குறை! அதாவது, ரெசிஸ்டன்ஸ் தசையோடும் கல்லீரலோடும் நிற்காது. இன்சுலின் சுரக்கும் இடத்தையே கெடுக்கலாம் என்று தெரிந்தது.

உள்தாழ்ப்பாள்!

இப்போது மூன்றாவது கேள்வி. 'நடந்தா என்ன ஆகிடப்போகுது?'

1999-ல் ஜாஸ்லின் மையத்தின் லாரி குட்இயர் (டயர் பெயர் மாதிரி இருக்கிறதே என்கிறீர்களா? இவர் உடற்பயிற்சி பற்றி ஆராயும் பெண் விஞ்ஞானி!) குழுவினர் அந்தத் தசைப் பூட்டு இல்லாத எலிகளை எடுத்துக்கொண்டார்கள். முதலில் இன்சுலின் கொடுத்தார்கள். தசை சர்க்கரையை எடுத்ததா? ஊஹும். பூட்டே இல்லையே, சாவியால் என்ன பயன்?

பிறகு எலிகளை ஓடவிட்டார்கள். என்ன ஆச்சரியம்! ஓடிய தசை, சாதாரண எலியின் தசை எவ்வளவு சர்க்கரையை எடுக்குமோ அவ்வளவையும் எடுத்துக்கொண்டது. பூட்டு இல்லை, சாவியும் பயனில்லை. ஆனால் கதவு திறந்தது!

எப்படி? தசை சுருங்கி விரியும்போது அதற்கு எரிபொருள் வேண்டும். அப்போது தசைக்குள்ளேயே வேறொரு வழியில் உத்தரவு கிளம்பி, அதே 'குளூட்-4' கதவுகளைச் செல்லின் ஓரத்துக்கு அனுப்புகிறது. வெளியே சாவி போட்டுத் திறக்கும் கதவுக்கு உள்ளே ஒரு தாழ்ப்பாளும் இருக்கிறது. உள்ளே இருப்பவர் அதை நீக்கினால் சாவியே தேவையில்லை. நடை அந்தத் தாழ்ப்பாளை நீக்குகிறது. அவ்வளவுதான்!

சர்க்கரை நோயாளிக்கு இதைவிட நல்ல சேதி வேறென்ன வேண்டும்? அந்த எலிக்குத் தசையில் பூட்டு அடியோடு இல்லை. நமக்கு அப்படி இல்லை, மந்தம் மட்டும்தான். பூட்டே இல்லாத தசைக்கே ஓட்டம் கதவைத் திறக்கும் என்றால், மந்தமான பூட்டு உள்ள தசைக்கு நடை ஏன் திறக்காது? அதோடு, நடந்து முடித்த பிறகும் ஒன்றிரண்டு நாள் வரை தசை இன்சுலினுக்கு முன்பைவிட நன்றாகக் கீழ்ப்படியும். அதனால்தான் 'தொடர்ந்து ரெண்டு நாள் நடக்காம இருந்துடாதீங்க' என்கிறார்கள் டாக்டர்கள்.

எலிக்குச் சரி... மனுஷனுக்கு?

நியாயமான கேள்வி. எலியில் நடப்பதெல்லாம் மனிதரில் அப்படியே நடக்காது. பதில் நம் ஊரிலேயே இருக்கிறது.

சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாசற்படியில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டு நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் மூன்று வருடத்தில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. நடையும் உணவு மாற்றமும் கடைப்பிடிக்க வைக்கப்பட்டவர்களில் 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் மட்டும் கொடுக்கப்பட்டவர்களில் 40.5 சதவீதம். வாசற்படியில் நிற்பவர்களுக்கு, நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் மாத்திரைக்கு இணையாக நின்றன!

அதே குழுவின் இன்னொரு ஆய்வு 2013-ல் வந்தது. இது தொழிற்சாலைக்காரர்கள் கவனிக்க வேண்டியது. தொழிற்கூடங்களில் வேலை பார்த்த, 35 முதல் 55 வயதுள்ள 537 ஆண்கள். எல்லோருமே வாசற்படியில் நின்றவர்கள். பாதிப் பேருக்கு உணவு, உடற்பயிற்சி பற்றி செல்போனில் அடிக்கடி குறுஞ்செய்தி போய்க்கொண்டே இருந்தது. இரண்டு வருட முடிவில், செய்தி வராதவர்களில் 27 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. செய்தி வந்தவர்களில் 18 சதவீதம். சும்மா ஒரு எஸ்.எம்.எஸ். நினைவூட்டல்!

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பெரிய ஆய்வின்படி நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானவர்களுக்குச் சர்க்கரை நோய். 13 கோடிக்கும் அதிகமானவர்கள் வாசற்படியில். தாழ்ப்பாள் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் எத்தனை பேர், பாருங்கள்!

ஷிப்ட் பார்ப்பவர்களுக்குச் சில யோசனைகள்

* நிற்பது நடை ஆகாது. எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நின்றால் கால் வலிக்கும், ஆனால் பெரிய தசைகள் வேண்டிய அளவு சுருங்கி விரியாது. தாழ்ப்பாளும் நீங்காது. கொஞ்சம் மூச்சு வாங்கும் வேகத்தில், தினம் அரை மணி நேரம் நடங்கள்.

* ஒரேயடியாக அரை மணி கிடைக்கவில்லையா? சாப்பாட்டுக்குப் பிறகு பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை நடக்கலாம். கேன்டீனில் சாப்பிட்டதும் செல்போனோடு உட்காராமல் வளாகத்திலேயே ஒரு சுற்று. கம்பெனி பஸ்ஸுக்கு ஒரு ஸ்டாப் தள்ளிப்போய் ஏறலாம்.

* ராத்திரி ஷிப்ட் வருஷக்கணக்கில் பார்ப்பவர்களுக்கு இந்த நோயின் ஆபத்து கூடுகிறது என்று அமெரிக்க நர்ஸுகளிடம் நடந்த நீண்ட ஆய்வு 2011-ல் காட்டியது. நைட் பார்ப்பவர்கள் வருடம் ஒருமுறை ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது. சர்க்கரையோடு டிரைகிளிசரைடும் பாருங்கள்.

* இன்சுலின் ஊசி போடுகிறவர்களும், கிளிமிபிரைடு, கிளிபன்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வெறும் வயிற்றில் வேகமாக நடக்க வேண்டாம். சாவியும் திறந்து, தாழ்ப்பாளும் திறந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, அகோரப் பசி வந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரை. சட்டைப்பையில் எப்போதும் ஒரு பொட்டலம் இருக்கட்டும்.

* 'நடக்க ஆரம்பிச்சுட்டேனே' என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நடை திறப்பது தசையின் கதவைத்தான். கல்லீரலை அடக்க மருந்தின் தயவும் வேண்டும். அளவைக் குறைப்பதா வேண்டாமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

* நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பாதத்தில் மரத்துப்போன உணர்ச்சி அல்லது புண், கண்ணில் பிரச்னை இருப்பவர்கள் டாக்டரிடம் காட்டிவிட்டே ஆரம்பிக்க வேண்டும். வெறுங்காலோடு நடப்பது கூடவே கூடாது.

சாவி தேய்ந்துபோயிருக்கலாம். பூட்டு துருப்பிடித்திருக்கலாம். அதற்கெல்லாம் டாக்டர் இருக்கிறார், மருந்து இருக்கிறது. உள்தாழ்ப்பாள் மட்டும் உங்கள் கையில் இருக்கிறது. இல்லையில்லை... உங்கள் காலில்!